புத்தம்புது மொட்டை டயர்

கியர் சைக்கிளை நான் வாங்கியது மலை ஏறுவதற்கு அல்ல. நெய்வேலியில் மலை கிடையாது. சுரங்கத்தில் வெட்டியெடுத்துக் கொட்டிய மண்மேடுதான் இங்கே இருப்பதிலேயே உயரம், அதன்மேல் சைக்கிளோடு யாரையும் விடமாட்டார்கள். மற்றபடி நகரியத்துச் சாலைகள் எல்லாம் நேராகப் போகும், நாற்சந்தி வந்தால் செங்குத்தாகத் திரும்பும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் மலைக்கென்று செய்த வண்டியை ஒருத்தன் வாங்கினால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தேன். அந்த வருடம் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

எங்களுடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது. நிறைமாதம், பெண். நாலாம் நாள் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பிரசவத்துக்காகத் திருவதிகையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி, இன்னும் கொஞ்ச நாள் இரு என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல், பதினாறாம் நாளே நாங்கள் குடியிருக்கிற மந்தாரக்குப்பத்துக்கு வந்துவிட்டாள். ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஆறு குடித்தனம் இருக்கிற லைன் வீடு எங்களுடையது. ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள்.

அதுவரை கூட வேலை செய்கிற நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் போய்வந்துகொண்டிருந்தேன். அவன் நல்லவன். நல்லவனாக இருந்ததுதான் வம்பாகிவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டே பாதிக் கழுத்தைத் திருப்பி, “மனச வுட்டுடாத மச்சான், அடுத்த வருசமே பாரு” என்பான். லாரி ஏதாவது எதிரில் வந்தால்தான் கழுத்து நேராகும். இறங்கும்போது, “வூட்ல எப்படி இருக்காங்க?” என்று கேட்பான். “நல்லா இருக்காங்க” என்பேன். ஷேர் ஆட்டோவில் போனாலும் இதே கேள்விதான், இதே பதில்தான். ஒரே பதிலை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சொல்வதைவிட ஏழு கிலோமீட்டர் மிதிப்பது சுலபம் என்று தோன்றியது.

மாற்றலாகிப் போகிற ஓர் அதிகாரியின் குவார்ட்டர்ஸில் பழைய சாமான்களோடு அந்த சைக்கிளும் நின்றது. அவருடைய மகன் ஒரு கோடை விடுமுறை முழுக்க ஓட்டிவிட்டு மறந்துவிட்டுப் போனதாம். இருபத்தாறு அங்குலச் சக்கரம், தடித்த சட்டம், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். டயர் முழுக்கக் கட்டைவிரல் நுனியளவு ரப்பர் முட்டுகள், எங்கள் பக்கத்தில் பட்டன் டயர் என்போம். டிராக்டரிலிருந்து கழற்றிப் போட்டார்களோ என்று சந்தேகமாக இருந்தது. பார்த்தேன், எடுத்துக்கொண்டேன். பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

முதல் நாளே தெரிந்துவிட்டது, நல்ல தார் ரோட்டில் பட்டன் டயர் ஒரு தண்டனை. முட்டு ஒவ்வொன்றும் ரோட்டில் பட்டு மடங்கி நிமிர்கிறது. அதற்கெல்லாம் நம் கால்தான் கூலி கொடுக்க வேண்டும். எதிர்காற்றே இல்லாமல் எதிர்காற்றில் போகிற மாதிரி இருக்கும். அதோடு சத்தம். வேகம் பிடித்தால் ‘ஊய்ங்’ என்று ஒரு ராகம் கிளம்பும். எங்கள் தெரு சிமெண்ட் ரோடு, அங்கே அது இரண்டு மடங்காகும். “மாவு மில்லு வருதுடா” என்று ஒர்க்‌ஷாப்பில் கத்துவார்கள். நான் பைக்கைக் கைவிட்ட கோபத்தில் நண்பன்தான் அந்தப் பெயரை வைத்தான்.

டயரை மாற்றவேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. வந்த எண்ணம் போகவே இல்லை. மற்றவர்களுக்குத் துக்கம் வந்தால் தாடி வளர்க்கிறார்கள், குடிக்கிறார்கள். எனக்கு டயர் பிடித்துக்கொண்டது. போனில் டயர் படங்களாகப் பார்த்தேன். எந்த அகலம், எவ்வளவு காற்று, உருளும்போது எவ்வளவு வீணாகிறது என்று படித்தேன். ஒரு மணி நேரம் படித்துவிட்டு நிமிர்ந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் வேறு எதையும் நினைக்கவில்லை என்று தெரியும். எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வெட்கமும் வரவில்லை. டயர்தான் வந்தது.

அதற்கு என் தொழிலும் ஒரு காரணம். ஓர் ஒப்பந்தக்காரரிடம் பெல்ட் ஜாயிண்ட் போடுகிறவனாக இருந்தேன். சுரங்கத்திலிருந்து மண்ணும் பழுப்பு நிலக்கரியும் மைல் கணக்கில் ரப்பர் பெல்ட் மேலேறித்தான் வெளியே வருகின்றன. பெல்ட் கிழிந்தால் கிழிந்ததை அறுத்து, படிப்படியாகச் சீவி, சொல்யூஷன் தடவி, இரண்டு சூட்டுத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி ஒட்டவேண்டும். கையில் எப்போதும் அந்த சொல்யூஷன் நாற்றம் இருக்கும். மசக்கையில் என் மனைவிக்கு அது குமட்டியதால், நான் மண்ணெண்ணெயில் கை கழுவி, பிறகு சோப்புப் போட்டு, பிறகுதான் வீட்டுக்குள் நுழைவேன். இப்போது அதற்குத் தேவை இருக்கவில்லை. அப்படியே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ரப்பரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான். பெல்ட்டை இழுக்கிற பெரிய உருளையின்மேல் ரப்பர் போர்த்தி, அதில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி, அதாவது பள்ளக்கோடு, வெட்டியிருப்பார்கள். சகதியும் தண்ணீரும் அந்தக் காடி வழியாக ஒதுங்கினால்தான் பெல்ட் வழுக்காது. ஆனால் காய்ந்த இடத்தில் காடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரப்பர் எவ்வளவுக்கு எவ்வளவு முழுசாகப் படிகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு பிடிக்கும். தார் ரோட்டுக்குப் பட்டனும் வேண்டாம், கோடும் வேண்டாம், வழவழவென்று இருப்பதுதான் சரி. சகதியில் மட்டும் அது உதவாது. நகரியத்து ரோட்டில் சகதி எங்கே இருக்கிறது?

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வழவழன்னு வேணுமா? தம்பி, டயரு வழவழன்னு ஆயிடுச்சின்னுதான் எல்லாரும் எங்கிட்ட வராங்க. நீ என்னாடான்னா பட்டன் இருக்குதுன்னு வந்து நிக்கிற.”

“ரோட்டுக்கு அதாங்கண்ணே நல்லது.”

“மழையில வழுக்கிகினு போயிடுமே?”

“காரு டயர்னா அகலம், தண்ணிமேல மிதக்கும். சைக்கிள் டயரு தண்ணியக் கிழிச்சிகினு தரையத் தொட்டுடும்ணே.”

அவர் நம்பவில்லை. ஆனால் வியாபாரி, விட்டுக்கொடுக்கவும் இல்லை. அளவு கேட்டார். இருபத்தாறு, ஒண்ணரை என்றேன். “இவ்ளோதானா” என்று பரணிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். பக்கவாட்டில் இருபத்தாறு, ஒண்ணரை என்றே எழுதியிருந்தது. வழவழப்பு இல்லை, மெல்லிய கோடுகள்தான். கோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று சம்மதித்தேன். அவரே குந்தி உட்கார்ந்து மாட்டினார். மாட்டினால் டயர் ரிம்மில் உட்காராமல் தொளதொளவென்று தொங்கியது. ஊருக்குப் போன அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்ட மாதிரி.

இரண்டு பேரும் டயரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தோம். கடைசியில் போனில் தேடித்தான் விஷயம் புரிந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் பின்னமாக அரை போட்டிருந்தால் அது ஒரு ரிம்முக்கு. ஒன்று புள்ளி ஐந்து என்று போட்டிருந்தால் அது வேறு ரிம்முக்கு. கணக்கு வாத்தியார் இரண்டும் ஒன்று என்பார், டயர்காரன் இரண்டும் வேறு என்கிறான். நம் வாயில் இரண்டுமே ஒண்ணரைதான்.

“இத்தினி வருசமா டயர் விக்கிறன், எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது” என்று அவர் சிரித்தார். நானும் சிரிக்கவேண்டிய இடம் அது. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

புதுச்சேரியில் தெரிந்த மொத்த வியாபாரியிடம் சொல்லி வரவழைப்பதாகச் சொன்னார். படங்களைக் காட்டிக் கேட்டார். நடுவில் வழவழப்பாகவும் இரண்டு ஓரத்திலும் பட்டன் வைத்தும் ஒன்று இருந்தது, இரண்டுக்கும் ஆகும் என்றார். இரண்டுக்கும் ஆகும் என்கிற பொருள் எதற்கும் ஆகாது என்பது என் அனுபவம். திரும்பும்போது ஓரத்துப் பட்டன் மடங்கும். வேண்டாம் என்றேன். ஒன்றேகால் அகலத்தில் இன்னும் மெல்லிசாக ஒன்று இருந்தது. இந்த அகல ரிம்முக்கு அது மெலிவு, பள்ளத்தில் இறங்கினால் ரிம் அடிவாங்கும். ஒன்று புள்ளி ஐந்து, சுத்த வழவழப்பு, அதற்கேற்ற மெல்லிய டியூபும் சேர்த்து வேண்டும் என்றேன். பழைய டியூபையே போட்டால் உள்ளே மடிந்து, மடிந்த இடத்தில் கிழியும்.

டயர் வருவதற்கு மூன்று வாரமானது. அந்த மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமியாரிடமிருந்து எனக்கு போன் வரும். மகளிடம் பேசிவிட்டுத்தான் என்னிடம் பேசுவார். முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர், விரலெல்லாம் கறுத்திருக்கும், குரல் மட்டும் மெதுவாக இருக்கும்.

“மாப்ள, அவள ஒரு மாசத்துக்கு இங்க கொண்டாந்து வுடுங்களேன். பக்கத்துல வச்சிகினு பாத்துக்கறேன்.”

“அவ நல்லாத்தாங்க இருக்கா அத்தை. சமைக்கிறா, சாப்புடறா. ஒண்ணும் பயப்படாதீங்க.”

“நெசமாத்தானே சொல்றீங்க?”

“நெசமாத்தாங்க.”

பொய் சொல்லவில்லை. நான் பார்த்தது அப்படித்தான் இருந்தது. சாயந்தரம் வீட்டுக்குப் போனால் முகம் கழுவி, பொட்டு வைத்து, தலையை வாரி முடிந்துகொண்டு நிற்பாள். நான் சைக்கிளை நிறுத்திப் பூட்டுவதற்குள் டீ கொதித்துவிடும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. நேரம் தெரிந்து டீ போடுகிறாள் பார், தேறிவிட்டாள் என்று நினைத்தேன். அவளும் என்னைப் போல மரத்துப்போய்விட்டாள், அது ஒருவிதத்தில் இரண்டு பேருக்கும் சௌகரியம் என்றும் நினைத்தேன். மாமியாரிடம் அனுப்பினால் அங்கே அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து அழவைத்துவிடுவார்கள். இங்கேயே இருக்கட்டும் என்பதுதான் என் முடிவு. அவளைக் கேட்டபோது அவளும் இங்கேயே இருக்கிறேன் என்றாள்.

டயர் விஷயத்தை அவளிடம் சொன்னபோது, சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

“சத்தமே வராதா?”

“வராது.”

“சுத்தமா வராதா? தெரு முனையில திரும்பறப்பகூட?”

“பூனை வர்ற மாதிரி வரும் பாரு.”

“இந்த டயரே நல்லாத்தான இருக்குது” என்றாள். வேண்டாத செலவு என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணி, ரப்பர் ரோட்டில் எப்படிப் படிகிறது என்பதை அவளுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். நானே மெச்சிக்கொள்ளும்படிதான் விளக்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் வந்தது. சாயந்தரமே மாட்டினோம். புது ரப்பரின் கருமை, அங்கங்கே அச்சில் வார்த்தபோது மிஞ்சிய மெல்லிய ரப்பர் முடிகள். தடவிப் பார்த்தால் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. கடைக்காரர் கட்டைவிரலால் அழுத்திக் காற்றுப் போதும் என்றார். பக்கவாட்டில் எழுதியிருந்த காற்றளவை அவருக்குக் காட்டிவிட்டு, பெட்ரோல் பங்க்கில் போய் மீட்டர் பார்த்து நிரப்பினேன். பட்டன் டயருக்குப் போட்டதைவிட இது நன்றாக இறுக்கிப் பிடிக்கவேண்டும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன், மறுநாள்தான் ஓட்டினேன்.

மறுநாள் காலை ஜெனரல் ஷிஃப்ட். முதல் மிதியிலேயே வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் ஒரு கியர் கூட்டினேன், இன்னொன்று கூட்டினேன். நகரியத்து ரோட்டுக்குள் நுழைந்ததும் சத்தமே இல்லை. செயின் ஓடுகிற மெல்லிய ஒலி மட்டும்தான். கால் வலிக்கவில்லை. இத்தனை நாள் யோசித்து எடுத்த பொருள் சொன்னபடி வேலை செய்கிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வருகிறதா என்று பார்த்துக்கொண்டே மிதித்தேன். வரவில்லை. சரியாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

எங்கள் ஒப்பந்தக்காரரின் யார்டுக்குத் தனி கேட். மழைக்காலத்தில் சகதியில் ஒருத்தன் பைக்கோடு சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதிலிருந்து கேட்டில் ஒரு போர்டு தொங்கியது: ‘மொட்டை டயர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை.’ அந்த வாரம் பாதுகாப்பு வாரம் வேறு. கேட்டில் நிற்கும் காவலாளி பக்கத்துக் கிராமத்துக்காரர், கறாரானவர். கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முன்சக்கரத்தருகே வந்ததும் குச்சி நின்றது.

“ஏம்பா, டயரு மொட்டையா இருக்குது?”

“மொட்டை இல்லீங்கண்ணா. புது டயரு. நேத்துதான் போட்டேன்.”

“புது டயரு எங்கனா இப்படி இருக்குமா? தேய்ஞ்சி கண்ணாடி ஆயிருக்குது.”

“தேயலீங்க. செய்யறப்பவே இப்படித்தான் செய்யறாங்க. ரோட்டுக்குன்னே வருது. ரப்பர் முடி இருக்குது பாருங்க, பழைய டயர்ல முடி இருக்குமா?”

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. நண்பன் பைக்கில் உட்கார்ந்தபடி, “மில்லுக்காரர வுடுங்கண்ணா, ஷிஃப்டுக்கு நேரமாவுது” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். காவலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. குச்சியால் டயரைத் தட்டி, “என்னாப்பா சொல்ற? பொறக்கும்போதே மொட்டையா பொறந்துதுன்றியா?” என்றார்.

என் மகளுக்குத் தலை நிறைய முடி இருந்தது. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது நான் பார்த்தது அதை மட்டும்தான். ஈரமாக, கறுப்பாக, நெற்றியில் ஒட்டிக்கொண்டு. முதல் மொட்டை குலசாமி கோயிலில் என்று என் மனைவி ஐந்தாம் மாதமே வேண்டிக்கொண்டிருந்தாள்.

சொல்வதற்கு என்னிடம் இன்னும் நிறைய இருந்தது. உருளை, காடி, தண்ணீர் ஒதுங்குவது, எல்லாம். “வூட்டுக்குப் போயி பழசையே மாத்திகினு வா, பத்து மணிக்குள்ள வந்தா உள்ள வுடறேன்” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. வண்டியைத் திருப்பினேன்.

திரும்பி வந்த வழி எனக்கு நினைவில்லை. வேகமாகத்தான் வந்திருக்கவேண்டும். தெரு முனையில் திரும்பினேன், சிமெண்ட் ரோட்டிலும் சத்தமில்லை. பக்கத்துக் குடித்தனக்காரர் குழாயடியில் குனிந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நான் போனது அவருக்கே தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்று ஒரு நொடி கேட்டேன். மெஷின்காரன் காது அது, பொய் சொல்லாது. மிக்ஸியில் ஒன்றும் இல்லை. அரைபடுகிற பொருள் இருந்தால் சத்தம் கனமாக இருக்கும், இது வெறும் ஜார் அலறுகிற சத்தம். காலியாக ஓடவிட்டால் மோட்டார் புகைந்துவிடும். செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்விட்சை அணைத்தேன். முதலில் நான் செய்தது அதைத்தான். மோட்டாரைக் காப்பாற்றினேன்.

மிக்ஸி நின்ற பிறகு அழுகை மட்டும் கேட்டது. அடுப்பு மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து அவள் அழுதுகொண்டிருந்தாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. மருத்துவமனையில்கூட அவள் அப்படி அழவில்லை. மிக்ஸி நின்றது அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முந்தானையால் அவசர அவசரமாக முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்தது.

“ஏன் அதுக்குள்ள வந்துட்டீங்க?”

“டயரு மொட்டையா இருக்குதுன்னு அனுப்பிட்டாங்க.”

“புது டயராச்சே?”

“புது டயருதான்.”

எதிரில் நானும் தரையில் உட்கார்ந்தேன். ஜாரிலிருந்து சூடு நாற்றம் வந்துகொண்டிருந்தது. தினமும் இப்படியா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். நான் கிளம்பிப் போனதும் மிக்ஸியை விட்டு விட்டுப் போடுவாளாம். மற்ற ஐந்து குடித்தனத்துக்கும் அழுகை கேட்காது. கேட்டால் யாராவது என்னிடம் சொல்லிவிடுவார்கள்.

“சாயந்தரம்?”

“சாயந்தரம் மிக்ஸி போடமாட்டேன். போட்டா உங்க சைக்கிள் சத்தம் கேக்காது. சும்மா உக்காந்துகினு வாய்க்குள்ளயே அழுவேன். நீங்க தெரு முனையில திரும்பனா அந்த மில்லு சத்தம் கேக்கும். எந்திரிச்சி மொகம் கழுவி, பொட்டு வச்சி, அடுப்பப் பத்தவைக்க சரியா இருக்கும்.”

எனக்கு அந்த டீ நினைவுக்கு வந்தது. எத்தனை நாள் குடித்திருக்கிறேன்.

“எங்கிட்ட எதுக்கு மறைச்ச?”

“நீங்க அழுவல. தைரியமா இருந்தீங்க. நான் அழுவறது தெரிஞ்சா எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவீங்க. எனக்குப் போவ வேணாம்.” மூக்கை உறிஞ்சினாள். “அது எட்டு மாசம் இந்த வூட்லதாங்க என்கூட இருந்துது. இந்த அடுப்பாண்ட நின்னுகினு இருந்தப்பதான் மொதல்ல ஒதைச்சிது. இத வுட்டுட்டு நான் எங்க போறது?”

நான் தைரியமாக இருந்தேனாம். எனக்குச் சிரிப்பதா, என்ன செய்வது என்று தெரியவில்லை. தைரியமெல்லாம் இல்லை, எனக்குள் ஒன்றுமே ஓடவில்லை என்று அவளிடம் சொன்னேன். காலையில் காவலாளி சொன்னதையும் சொன்னேன். பாப்பாவுக்கு முடி நிறைய இருந்ததைச் சொன்னேன். அவளுக்கு மயக்கம் தெளியாத நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை. “எவ்ளோ முடி?” என்று கேட்டாள். “இங்க வரைக்கும்” என்று என் புருவத்துக்கு மேலே விரலை வைத்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “பழைய டயரையே போட்டுக்குங்க” என்றாள். “வேல போயிடப் போவுது.”

“வேணாம்” என்றேன். அன்றைய ஷிஃப்ட் போனது போகட்டும். பாதுகாப்பு அதிகாரி படித்தவர், டயரைக் கழற்றி மேஜையில் வைத்தாவது அவருக்குப் புரியவைத்துவிடுவேன். மறுநாள் அப்படியே ஆயிற்று, அவர் குனிந்து பார்த்துவிட்டு, சகதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்று காலை எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. இனி இந்தத் தெருவில் நான் சொல்லாமல் கொள்ளாமல்தான் வரவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

போனை எடுத்து மாமியாருக்கு அடித்தேன். திங்கட்கிழமை காலை என் போன் என்றதும் பதறிவிட்டார். பின்னால் முந்திரிக்கொட்டை உடைபடுகிற சத்தம் கேட்டது.

“என்னா மாப்ள? அவ நல்லா இருக்காளா?”

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை நாள் பழக்கம்.

“இல்லீங்க அத்தை. நல்லா இல்ல. நான் உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன். அவள அங்க கூப்புடாதீங்க. நீங்க கெளம்பி இங்க வாங்க.”

பின்னால் கேட்ட சத்தம் நின்றது. எழுந்து வெளியே வந்திருப்பார்.

“வரேன். அடுத்த பஸ்ஸுக்கே வரேன்” என்றார். பிறகு, “நீங்க? நீங்க அழுதீங்களா மாப்ள?” என்று கேட்டார்.

இல்லீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை, வேறென்னவோ வந்தது. அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்து, “இப்பதாம்மா அழுவுறாரு” என்றாள்.